சவூதி மெடிக்கல்ல அன்ஃபிட்... அப்பாவுக்கு வந்த ஈரல் கேன்சர் எனக்கும் வருமா?

தலவாக்கலை பக்கத்து தேயிலத் தோட்டம் ஒண்ணுல இருந்து 34 வயசு தம்பி ஒருத்தர் எழுதியிருக்காரு. பேர், தோட்டம் எதுவும் போடல, அடையாளம் தெரியுற மாதிரி இருந்த சிலத மாத்திட்டேன். த்ரீவீல் ஓட்டுறவரு, சவூதிக்கு டிரைவர் வேலைக்கு போக கொழும்புல மெடிக்கல் எடுத்திருக்காரு, ஹெப்பட்டைட்டிஸ் பி பாசிட்டிவ், அன்ஃபிட்னு அனுப்பிட்டாங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடி இவரோட அப்பா 54 வயசுல ஈரல் கேன்சர்ல தவறிட்டாரு, கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் மூணு மாசம்தான் இருந்தாராம், குடிச்சு குடிச்சே ஈரல் போச்சுன்னு லயமே பேசியிருக்கு. இவருக்கு உடம்புல ஒரு கஷ்டமும் இல்ல, எஸ்.ஜி.பி.டி.ங்கிற ஈரல் ரத்த டெஸ்ட் நார்மல், வாரக் கடைசியில மட்டும் கொஞ்சம் குடிப்பாராம், அம்மா தினமும் கீழாநெல்லி அரைச்சு குடுக்குறாங்க. வீட்டுல தட்டு, டம்ளர் தனியா வச்சுட்டாங்க, சின்ன புள்ளைய தூக்கவே பயமா இருக்குன்னு எழுதியிருக்காரு. ரெண்டு லட்சம் குடுத்தா கிளீன் ரிப்போர்ட் எடுத்து தர்றேன்னு ஏஜென்ட் சொல்றாராம். கேள்வி ரெண்டு: "இது எங்க பரம்பர நோயா டாக்டர்? அப்பா மாதிரி எனக்கும் கேன்சர் வந்துருமா?" கடிதத்தோட கடைசியில ஒரே ஒரு வரி, தங்கச்சி ஆறு மாச கர்ப்பமா வீட்டுக்கு வந்திருக்கு, அதுக்கிட்ட இத சொல்லி மனச நோகடிக்க வேணாம்னு மறச்சு வச்சிருக்கோம்னு.

தம்பி, உங்க ரெண்டு கேள்விக்கும் பதில் சொல்றேன். ஆனா அந்த கடைசி வரிய மொதல்ல எடுத்துக்குறேன், ஏன்னா இந்த கடிதத்துல நாள் கடத்த முடியாத விஷயம் அது ஒண்ணுதான்.

தங்கச்சிக்கிட்ட இன்னைக்கே சொல்லுங்க

ஹெப்பட்டைட்டிஸ் பி வைரஸ் பெரியவங்களுக்கு புதுசா தொத்துனா நூறு பேர்ல அஞ்சு பேருக்கும் கொறவாத்தான் அது உடம்புலயே தங்கிப் போகும், மிச்ச பேருக்கு சில மாசத்துல தானா போயிரும். ஆனா பொறக்குறப்போ இல்லாட்டி கைக்குழந்தையா இருக்கப்போ தொத்துனா நூத்துக்கு தொண்ணூறு புள்ளைங்களுக்கு அது தங்கிரும், அந்த வயசுல உடம்புக்கு இது எதிரின்னு அடையாளம் கண்டு விரட்ட தெரியாது. அதனால உங்களுக்கு இது தங்கிப்போன வைரஸ்னா, பெரும்பாலும் சின்னதுலயே வீட்டுக்குள்ள வந்ததா இருக்கணும், அம்மாக்கிட்ட இருந்து பிரசவத்துல வந்திருக்கலாம், இல்ல அப்பாக்கிட்ட இருந்தோ வேற எப்படியோ குழந்தைல வந்திருக்கலாம். அம்மா மேல பழி போட இத சொல்லல, அவங்க உங்கள பெத்த காலத்துல இத பத்தி அவங்களுக்கு யாரும் ஒரு வார்த்த சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனா அதே வீட்டுல பொறந்த தங்கச்சிக்கும் இருக்க வாய்ப்பு இருக்குல்ல?

அதனால தங்கச்சி அடுத்த க்ளினிக் போறப்போ மிட்வைஃப் மிஸ்கிட்டயும் டாக்டர்கிட்டயும் "அண்ணனுக்கு ஹெப்பட்டைட்டிஸ் பி இருக்கு, அப்பா ஈரல் கேன்சர்ல செத்தாரு, எனக்கு எச்.பி.எஸ்.ஏஜி டெஸ்ட் எடுக்கணும்"னு வாய விட்டு கேக்கணும், வைரஸ் ரத்தத்துல இருக்கான்னு காட்டுற டெஸ்ட் அதுதான். நெகட்டிவ்னா நிம்மதி, தடுப்பூசி போட்டுக்கலாம், கர்ப்பத்துலயும் போடலாம். பாசிட்டிவ்னா வைரல் லோடு, அதாவது ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பாப்பாங்க, அது ஒரு மில்லிலிட்டருக்கு 2,00,000 யூனிட்டுக்கு மேல இருந்தா பிரசவத்துக்கு மூணு மாசம் இருக்கப்பவே டெனோஃபோவிர்னு ஒரு மாத்திர ஆரம்பிப்பாங்க. ஆறு மாசம்னு எழுதியிருக்கீங்க, அப்போ நேரம் இப்பதான். புள்ள பொறந்த 24 மணி நேரத்துக்குள்ள மொத தடுப்பூசியும் கூடவே இம்யூனோகுளோபுலின்னு, வைரஸ எதிர்க்குற சக்திய ரெடிமேடா குடுக்குற ஊசியும் போடணும். நம்ம நாட்டு அட்டவணையில புள்ளைக்கு ரெண்டாம் மாசத்துலதான் பி தடுப்பூசியும் சேந்த பென்டா ஊசி தொடங்குது, பாசிட்டிவான அம்மாவோட புள்ளைக்கு அதுவரைக்கும் காத்திருக்கக் கூடாது, அதனாலதான் பிரசவம் பாக்குற ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்னு இவ்வளவு அழுத்தி சொல்றேன். இதெல்லாம் சரியா செஞ்சா புள்ளைக்கு தாராளமா தாய்ப்பால் குடுக்கலாம். மனசு நோகும்னு நீங்க மறைக்குற இந்த விஷயம் அந்த புள்ளையோட அறுவது வருஷ வாழ்க்கைய மாத்துற விஷயம்.

வைரஸ் எப்படி கேன்சர் வரைக்கும் போகுது

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். நெறைய பேர் நெனைக்குற மாதிரி இந்த வைரஸ் ஈரல நேரடியா தின்னு அழிக்குறது இல்ல. வைரஸ் இருக்குற ஈரல் செல்ல நம்ம உடம்போட எதிர்ப்பு சக்திதான் போய் தாக்குது, செல் சாகுது, அந்த எடத்துல புது செல் வளருது, திரும்ப தாக்குது, திரும்ப வளருது. ஈரலுக்கு திரும்ப வளர்ற சக்தி நெறைய உண்டு, கவ்வாத்து வெட்டுன தேயில செடி தளிர்க்குற மாதிரிதான், ஆனா ஒரு செடிய ஓய்வே குடுக்காம வெட்டிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? வருஷக்கணக்கா இப்படி நடக்குறப்போ ரெண்டு கெடுதி சேந்து வருது. ஒண்ணு, செத்த எடத்துலலாம் தழும்பு விழுந்து ஈரல் இறுகி சிரோசிஸ் ஆகுது. இன்னொண்ணு, ஒவ்வொரு தடவ செல் பிரியுறப்பவும் டி.என்.ஏ.வ நகல் எடுக்கணும், நகல் எடுக்குற தடவ கூடக்கூட பிழையும் கூடுது, ஏதோ ஒரு செல்லுல பிழைங்க சேந்து அது கட்டுப்பாட்ட மீறி வளர ஆரம்பிக்குது.

பி வைரஸ்ல இதுக்கு மேல ஒரு ஆபத்து இருக்கு. அதுவும் டி.என்.ஏ. வைரஸ்ங்கிறதால தன்னோட துண்ட நம்ம செல்லோட ஜீனுக்குள்ளேயே கொண்டு போய் செருகிக்கும். ஈரல் கேன்சர் கட்டிங்கள ஆராய்ச்சி பண்ணி பாத்தப்போ அது அடிக்கடி செருகியிருந்த எடம் டெர்ட்னு ஒரு ஜீன் பக்கத்துல. அந்த ஜீன்தான் டெலோமரேஸ்ங்கிற நொதிய உண்டாக்குறது, சாதாரண ஈரல் செல்லுல அது அடங்கிக் கெடக்கணும், அது முழிச்சுக்கிட்டா அந்த செல் ஓயாம பிரிஞ்சுக்கிட்டே போகலாம். எக்ஸ்னு வைரஸோட ஒரு புரதமும் சேந்து செல்லோட ரிப்பேர் வேலைய கெடுக்குது. அதனாலதான் பி வைரஸ்ல சிரோசிஸ் வராமலேயே கூட கேன்சர் வரலாம், "ஈரல் இன்னும் சுருங்கல, அதனால பயமில்ல"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஈரல தாக்குற இன்னொரு வைரஸான ஹெப்பட்டைட்டிஸ் சி வேற மாதிரி. அது ஆர்.என்.ஏ. வைரஸ், ஜீனுக்குள்ள போய் ஒட்டாது, பெரும்பாலும் தழும்பு, சிரோசிஸ் வழியாத்தான் கேன்சருக்கு போகும். சி.க்கு தடுப்பூசி கெடையாது, ஆனா 12 வாரம் மாத்திர போட்டா நூத்துக்கு 95 பேருக்கு மேல முழுசா போயிரும். பி.க்கு நேர்மாறு, தடுப்பூசி இருக்கு, வந்துட்டா முழுசா விரட்டுற மருந்து இன்னும் இல்ல, அடக்கி வைக்குற மருந்து இருக்கு. ரெண்டும் சேந்து இருந்தா ஆபத்து கூடும், அதனால உங்களுக்கு சி டெஸ்ட்டும் ஒரு தடவ எடுக்க சொல்லுங்க.

எவ்வளவு ஆபத்துன்னு கேட்டீங்கன்னா, தைவான்ல அரசாங்க வேலையில இருந்த 22,707 ஆம்பளைங்கள வருஷக்கணக்கா கவனிச்சு 1981ல வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு. அதுல 3,454 பேருக்கு பி வைரஸ் இருந்துச்சு, 19,253 பேருக்கு இல்ல. ஈரல் கேன்சர்ல செத்தவங்க 41 பேர், அதுல 40 பேர் வைரஸ் இருந்தவங்க, ஒரே ஒருத்தர்தான் இல்லாதவர். வைரஸுக்கும் கேன்சருக்கும் சம்பந்தம் இருக்கான்னு அதுக்கப்புறம் பெருசா யாரும் சண்ட போடல. ஆனா அதே கணக்க நீங்க இன்னொரு பக்கமும் பாக்கணும், வைரஸ் இருந்த 3,454 பேர்ல 3,400க்கு மேல ஆளுங்களுக்கு அந்த வருஷங்கள்ல ஈரல் கேன்சரால சாவு வரல. அதனால "வந்துருமா"ங்கிற கேள்விக்கு என் பதில்: வரலாம், மத்தவங்கள விட உங்களுக்கு வாய்ப்பு ரொம்ப கூட, ஆனா வந்தே தீரும்னு இல்ல. இது முத்த இருபது முப்பது வருஷம், சிலருக்கு அதுக்கும் மேல எடுக்கும், அந்த காலம் பூரா நாம செய்யக்கூடியது நெறைய இருக்கு. உங்க அப்பாவுக்கு அந்த காலம் தெரியாமலேயே போயிருச்சு, உங்களுக்கு 34 வயசுலயே தெரிஞ்சிருச்சு.

அப்பாவுக்கு வந்தது குடியால மட்டும்தானா

பரம்பர நோய்னு சொல்றது சரியில்ல தம்பி, ரத்தத்துல ஊறி வர்ற ஜீன் நோய் இல்ல இது, வீட்டுக்குள்ள கைமாறுற வைரஸ். ஆனா ஒரே வீட்டுல ஈரல் கேன்சர் வந்திருந்தா, வைரஸ் இருக்குற மத்தவங்களுக்கு ஆபத்து இன்னும் கூடுங்கிறது உண்மதான், அத சாதாரணமா விடக்கூடாது.

இலங்கைல பி வைரஸ் கொறவு, இங்க பாக்குற ஈரல் கேன்சர்ல பெரும்பகுதி கொழுப்பு ஈரல், சக்கர வியாதி, குடி இதுங்களோட சேந்து வர்றது. அதனாலயே ஒருத்தர் குடிக்குறவர்னு தெரிஞ்சா எல்லாரும் குடியிலயே கணக்க முடிச்சுருவாங்க, தோட்டத்து ஆளுன்னா இன்னும் சீக்கிரமா முடிச்சுருவாங்க, இது எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்குற வருத்தம். அப்பாவோட டயக்னோசிஸ் கார்ட் வீட்டுல எங்கயாவது இருக்கும், தேடி எடுங்க, அதுல எச்.பி.எஸ்.ஏஜின்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. குடியும் வைரஸும் ரெண்டும் இருந்திருந்தா ஒண்ணு மேல ஒண்ணு சேந்து ஈரல வேகமா கெடுத்திருக்கும். அம்மாவும் டெஸ்ட் எடுக்கணும், வேற கூடப்பொறந்தவங்க இருந்தா அவங்களும்.

அதனாலதான் நீங்க "வாரக் கடைசியில மட்டும் கொஞ்சம்"னு எழுதுனத நான் ஒத்துக்க மாட்டேன். வைரஸ் இருக்குற ஈரலுக்கு கொஞ்சம்ங்கிற அளவே கெடையாது, சாராயமோ பியரோ கசிப்போ எதுவா இருந்தாலும் நிறுத்துங்க. அதே மாதிரி பூஞ்ச புடிச்ச கச்சான், சோளம், செத்தல் மிளகாய் இதெல்லாம் நம்ம மலை ஈரத்துல சீக்கிரம் கெட்டுப்போகும், அதுல வர்ற அஃப்லடாக்சின் விஷம் பி வைரஸோட சேந்தா கேன்சர் ஆபத்த பல மடங்கு கூட்டும். கழுவி வறுத்துட்டா போயிரும்னு நெனைக்காதீங்க, போகாது, தூக்கி வீசிருங்க.

உங்க ரிப்போர்ட்ட நானும் படிச்சேன்

ஃபோட்டோ அனுப்பியிருந்தீங்க. எஸ்.ஜி.பி.டி. 38, பக்கத்துல 40 வரைக்கும் நார்மல்னு போட்டிருக்கு. ஆனா உலக சுகாதார நிறுவனம் 2024ல விட்ட ஹெப்பட்டைட்டிஸ் பி வழிகாட்டியில ஆம்பளைங்களுக்கு 30தான் எல்ல. இன்னொண்ண நீங்க கவனிக்கல, எஸ்.ஜி.ஓ.டி.ங்கிற இன்னொரு ஈரல் டெஸ்ட் 48, ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட் 1,68,000. இத வச்சு ஒரு எளிய கணக்கு இருக்கு, ஏப்ரின்னு சொல்வாங்க. 48ஐ லேப்போட எல்லையான 40ஆல வகுத்தா 1.2, அத நூறால பெருக்குனா 120, அத பிளேட்லெட்டோட ஆயிரக் கணக்கான 168ஆல வகுத்தா 0.7 சொச்சம். 0.5க்கு மேல போனா ஈரல்ல தழும்பு விழ ஆரம்பிச்சிருக்கலாம்னு சந்தேகப்படணும், 1க்கு மேல போனா சிரோசிஸான்னு பாக்கணும். நீங்க குடிக்கிறதாலயும் எஸ்.ஜி.ஓ.டி. கூடியிருக்கலாம், அதனால இந்த 0.7ஐ பாத்து பயந்துராதீங்க, ஆனா "நார்மல்"னு மடிச்சு வைக்குற ரிப்போர்ட் இல்ல இது. ஈரலுக்குள்ள வலி தெரியுற நரம்பு கெடையாது, மேல இருக்குற உறை இழுபட்டாத்தான் வலிக்கும், அதனால உடம்பு நல்லா இருக்குங்கிறது எதுக்கும் சாட்சி ஆகாது.

தோட்டத்து டிஸ்பென்சரியிலயோ பக்கத்து ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யிலயோ ஒரு லெட்டர் வாங்கிட்டு நுவரெலியா மாவட்ட ஆஸ்பத்திரிக்கோ கண்டி தேசிய ஆஸ்பத்திரிக்கோ போங்க, அரசாங்க ஆஸ்பத்திரியில வைத்தியம் இலவசம்தான், ஒரு நாள் ஹயர் போகும், பரவால்ல. அங்க வைரல் லோடு, வைரஸ் எவ்வளவு வேகமா பெருகுதுன்னு காட்டுற எச்.பி.இ.ஏஜி, ஈரல் ஸ்கேன், முடிஞ்சா ஈரல் எவ்வளவு இறுகியிருக்குன்னு அளக்குற ஃபைப்ரோஸ்கேன் பாப்பாங்க, ஆறு மாசம் கழிச்சு எச்.பி.எஸ்.ஏஜி திரும்ப எடுத்து தங்கிப்போன வைரஸ்தான்னு உறுதி பண்ணுவாங்க. மருந்து விஷயத்துல முன்னாடிலாம் எஸ்.ஜி.பி.டி. ஏறட்டும்னு காத்திருப்பாங்க, அந்த 2024 வழிகாட்டி குடும்பத்துல ஈரல் கேன்சர் இருந்தவங்களுக்கு வைரல் லோடு எவ்வளவா இருந்தாலும் மருந்து குடுக்கலாம்னு சொல்லுது, அதனால "அப்பாவுக்கு இருந்துச்சு"ங்கிறத மறக்காம சொல்லுங்க. டெனோஃபோவிரோ என்டெகாவிரோ தினம் ஒரு மாத்திரதான், வைரஸ அடக்கி வச்சா தழும்பு கூட கொஞ்சம் கொஞ்சமா கொறையும், கேன்சர் ஆபத்தும் நல்லா கொறையும், ஆனா பூஜ்ஜியம் ஆகாது. டெனோஃபோவிர் போட்டா கிட்னிய இடைக்கிட பாக்கணும். ஆரம்பிச்சா நீங்களா நிறுத்தக் கூடாது, திடீர்னு விட்டா வைரஸ் திரும்ப எழும்பி ஈரலே செயலிழந்து போன கேஸ் உண்டு.

மருந்து போட்டாலும் போடாட்டியும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஈரல் ஸ்கேனும், ஈரல் கேன்சர் இருந்தா கூடக்கூடிய ஏ.எஃப்.பி.ங்கிற புரதத்த பாக்குற ரத்த டெஸ்ட்டும் எடுக்கணும். பொதுவா ஆசிய ஆம்பளைங்களுக்கு 40 வயசுல இருந்து சொல்றது, ஆனா வீட்டுல கேன்சர் இருந்ததால நீங்க இப்பவே தொடங்குங்க. ஏ.எஃப்.பி. மட்டும் எடுத்துட்டு ஸ்கேன விட்டுறாதீங்க, சின்ன கட்டி நெறைய அதுல மாட்டாது. கட்டி ரெண்டு சென்டிமீட்டர்ல மாட்டுனா வெட்டி எடுக்கலாம், சூடு வச்சு அழிக்கலாம், ஆள் பொழைக்கலாம். அப்பாவுக்கு மூணு மாசம்தான் கெடச்சுதுன்னா அது முத்துனதுக்கு அப்புறம் தெரிஞ்சதால.

கீழாநெல்லிய பத்தி ஒரு விஷயம். 1988ல மெட்ராஸ்ல நடந்த ஆய்வு ஒண்ணுல கீழாநெல்லி சாப்பிட்ட நெறைய பேருக்கு பி வைரஸ் போயிருச்சுன்னு லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு, பி வைரஸ கண்டுபிடிச்சு 1976ல நோபல் வாங்குன புளூம்பெர்க்கே அதுல சேந்து எழுதுனவரு. நம்ம பாட்டிங்க சொன்னது சும்மா இல்லன்னு எல்லாரும் சந்தோசப்பட்டாங்க. ஆனா பின்னாடி வேற வேற எடங்கள்ல திரும்ப செஞ்சு பாத்தப்போ அந்த பலன் கெடைக்கல. அதனால அம்மாவோட அன்ப நான் கொற சொல்லல, ஆனா அத நம்பி க்ளினிக்க தள்ளிப்போடாதீங்க, வேற கசாயம் சூரணம் எதையும் கூட சேக்காதீங்க, சிலது ஈரலையே கெடுக்கும்.

புள்ளைய தூக்குங்க

ஒரே தட்டுல சாப்பிட்டா, ஒரே டம்ளர்ல குடிச்சா, கட்டிப்புடிச்சா, இருமுனா இது தொத்தாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் இந்த வழியாத்தான். அந்த தனி தட்ட இன்னைக்கே எடுத்து மத்த தட்டோட சேத்து வைங்க. பிரிச்சு வைக்க வேண்டியது ரேசர், பல் தூரிக, நகவெட்டி, காய்ஞ்ச ரத்தத்துல கூட இந்த வைரஸ் ஏழு நாள் உயிரோட இருக்கும். வீட்டுக்காரம்மா டெஸ்ட் எடுக்கட்டும், நெகட்டிவ்னா 0, 1, 6ம் மாசம்னு மூணு ஊசி, அது முடிஞ்சு எதிர்ப்பு சக்தி வந்துருச்சுன்னு தெரியுற வரைக்கும் கொண்டம் போடுங்க. நம்ம நாட்டுல 2003ல இருந்து பி தடுப்பூசி புள்ளைங்க அட்டவணையில சேந்துருச்சு, அதனால உங்க புள்ளைங்களுக்கு போட்டிருப்பாங்க, கார்ட எடுத்து பாருங்க, இருந்தாலும் ஒரு தடவ ரத்தம் எடுத்து பாத்துருங்க. தைவான் 1984ல புள்ளைங்களுக்கு இந்த ஊசிய தொடங்குனதுக்கு அப்புறம் அங்க சின்ன புள்ளைங்களுக்கு வந்த ஈரல் கேன்சரே கொறஞ்சுச்சு.

ஏஜென்ட் சொல்றது

உங்க கஷ்டம் புரியுது, கடன் இருக்கும், சவூதி போனா மூணு வருஷத்துல அடைச்சிரலாம்னு கணக்கு போட்டிருப்பீங்க. ஆனா பொய் ரிப்போர்ட்ட வச்சு போய் எறங்குனாலும் அங்க இக்காமா, அதாவது தங்குற அனுமதி எடுக்க திரும்ப மெடிக்கல் எடுப்பாங்க, பாசிட்டிவ்னு வந்தா திருப்பி அனுப்பிருவாங்க, அப்போ ரெண்டு லட்சமும் போயிருக்கும், டிக்கெட் காசும் போயிருக்கும், மாத்திரையும் பாதியில நின்னுருக்கும். மாத்திர போட்டு வைரல் லோடு காணாம போனாலும் எச்.பி.எஸ்.ஏஜி பெரும்பாலும் பாசிட்டிவாத்தான் காட்டும், அதனால "ஆறு மாசத்துல நெகட்டிவ் ஆக்கி தர்றோம்"னு வர்றவங்களையும் நம்பாதீங்க. இங்க வண்டி ஓட்ட, தோட்டத்துல வேல செய்ய இந்த வைரஸ் ஒரு தடையும் இல்ல, வண்டியில ஏறுறவங்களுக்கு உங்களால எதுவும் ஆகாது, யார்கிட்டயும் நீங்க சொல்லணும்னு கட்டாயமும் இல்ல. ஏஜென்ட்டுக்கு குடுக்க நெனச்ச காசுல கொஞ்சத்த தனியா எடுத்து வைங்க, அரசாங்க ஆஸ்பத்திரியில வைரல் லோடு ரிப்போர்ட் வர லேட்டானா, தங்கச்சிக்கு மட்டுமாவது பிரைவேட்ல எடுத்துருங்க.